பணிய லயத்துப் புது போர்ட்

இன்ஸ்பெக்டர் சேர், நீங்கள் எழுதக் கொடுத்த தாளில் கோடுகள் மிகவும் நெருக்கமாக இருக்கின்றன. தமிழ் எழுத்துக்கு மேலும் கீழும் கொஞ்சம் இடம் வேண்டும். சிங்களத்துக்கும் வேண்டும். தினமும் இதில்தான் எழுதுகிறீர்கள், ஒருநாளாவது எரிச்சல் வரவில்லையா என்று கேட்க நினைத்தேன். பரவாயில்லை, இதிலேயே எழுதுகிறேன்.

என் பெயர் சுமன். இரத்தினபுரியில் கிராபிக் டிசைன் படிக்கிறேன், இரண்டாம் வருடம். வீடு தெரணியகலைப் பக்கம் தோட்டத்தில். அங்கே என் படிப்புக்குப் பெயர் "படம் கீறுற படிப்பு". கல்யாண பேனர், திருவிழா நோட்டீஸ் என்று வந்து நிற்பார்கள். ஒரே பேனரில் ஏழு எழுத்துரு, ஒன்பது நிறம், மூலைக்கு மூலை ரோஜாப்பூ, மாப்பிள்ளைக்குப் பின்னால் பனிமலை. இது அழகில்லை என்றால் என்னைப் பாவமாகப் பார்ப்பார்கள். கண்களை வைத்துக்கொண்டு இவர்கள் என்னதான் செய்கிறார்கள் என்று பல தடவை நினைத்திருக்கிறேன்.

பணிய லயம் என்பது எங்கள் தோட்டத்தின் கீழ்ப்பக்கத்துத் தொழிலாளர் வரிசை வீடுகள். அதற்குப் பின்னால் போன வருடம் மலை வெடிப்பு விட்டது. அதிகாரிகள் வந்து பார்த்துவிட்டு, லயத்துக்கு முன்னால் சிவப்பு போர்ட் ஒன்றை நட்டார்கள். மண்சரிவு அபாயம், உள்ளே போக வேண்டாம் என்று மூன்று மொழியிலும் இருந்தது. தமிழ், கடைசி பஸ்ஸில் தொற்றிக்கொண்டவன் மாதிரி அடியில் நசுங்கிக் கிடந்தது. ஆபத்து நீங்கினால் தாங்களே வந்து போர்டைக் கழற்றுவோம், அது நிற்கும்வரை ஒருவரும் திரும்பக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். தோட்டத்து ஆட்கள் அதை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். போர்ட் நின்றால் ஆபத்து, போனால் வீட்டுக்குப் போகலாம். மற்றவர்கள் சொந்தக்காரர் வீடுகளுக்குப் போய்விட்டார்கள். போக்கிடமில்லாத முத்துவீரன் அண்ணனும் மல்லிகா அக்காவும் இரண்டு பிள்ளைகளோடு பிள்ளைக்காம்பராவில் தங்கினார்கள். வேலைக்குப் போகிறவர்கள் கைக்குழந்தைகளை விட்டுப்போகும் அந்த அறையில், ஒரு சேலையைக் குறுக்கே கட்டி எட்டு மாதம் குடித்தனம் நடத்தினார்கள்.

எங்கள் டைபோகிராபி பாடத்தில் ஒரு ப்ரொஜெக்ட் தந்தார்கள். சொந்த ஊரில் இருக்கும் அறிவித்தல் பலகை ஒன்றைப் புதிதாக வடிவமைத்து, அதை அதே இடத்தில் வைத்துப் படமெடுக்க வேண்டும். நான் யோசிக்கவே இல்லை. சிவப்பு போர்டைக் கழற்றினேன். நான்கு ஆணி, பத்து நிமிடம். என் போர்டை அதே கம்பத்தில் பூட்டினேன். வெள்ளைப் பின்னணி, மெல்லிய எழுத்து, அடியில் மலையின் கோடு ஒன்று மட்டும். வாசகமும் குறைத்தேன்: "மலை பேசுகிறது." நல்ல வடிவமைப்பில் சொற்கள் குறைவாகத்தான் இருக்கும். சேர், உங்களுக்கு இது விளங்காது, குறையாக நினைக்க வேண்டாம்.

படத்தைப் பார்த்த, அந்தப் பாடம் எடுக்கும் றிஸ்மியா மிஸ், "எழுத்து வடிவா இரிக்கி சுமன். ஆனா படத்துல உசிரில்லையே, ஆக்கள் எங்க?" என்றார். அவர் மேல் பிழையில்லை. அவருக்கு எங்கள் லயத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது.

மறுநாள் மல்லிகா அக்கா எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தார்.

"தம்பி, செவப்பு போர்ட காணோமே. ஆபீஸ் ஆளுங்க வந்து கழட்டிட்டாங்களா?"

"ஆமாங்கக்கா."

"அப்ப அந்தப் புது போர்டு? மல பேசுதுன்னு போட்டிருக்கு. வாசிச்சதுலேர்ந்து மனசுக்கு ஒரு மாதிரியா இருக்குங்க. அது என்னாங்க தம்பி?"

"சும்மா அழகுக்கு வச்சதுங்க."

"அப்ப நாங்க வீட்டுக்குப் போகலாங்களா?"

"போங்கக்கா."

அவர் அழுதார். அந்தச் சேலைத் திரைக்குப் பின்னால் உடுப்பு மாற்றக்கூட முடியவில்லை என்றார். எனக்குச் சங்கடமாக இருந்தது. ஆனாலும் திரும்பப் படமெடுக்கப் பின்நேரம் எந்தப் பக்கம் வெயில் விழும் என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

அன்றைக்கே குடிபோனார்கள். புகைக்கூட்டில் புகை, கொடியில் யூனிபார்ம், போர்டுக்குக் கீழே சின்னவள். மிஸ் கேட்ட உயிர் வந்துவிட்டது. அடுத்தநாள் மழை பிடித்தது, விடவில்லை. புதன்கிழமை, ஈர வெளிச்சம் நன்றாயிருக்கிறதே என்று இன்னும் சில படங்கள் எடுத்தேன். கம்ப்யூட்டரில் பெரிதாக்கியபோது கூரைக்குப் பின்னால் புது வெடிப்பு ஒன்று தெரிந்தது. கறுப்பாக, ஒரு முழ அகலம். முந்திய படங்களில் அது இல்லை. பார்க்கிற கண் நேரே அங்கேதான் போனது, போர்டுக்கு வரவில்லை. படத்திலேயே பக்கத்துப் புல்லை எடுத்து அதன் மேல் பூசினேன். வியாழன் முழுக்க நான் வீட்டில்தான் இருந்தேன். பணிய லயம் நடந்து போகிற தூரம். போய்ச் சொல்லியிருந்தால் அவர்கள் மூட்டை கட்டியிருப்பார்கள், சிவப்பு போர்ட் எங்கே என்று கேட்டிருப்பார்கள், என் போர்டைப் பிடுங்கியிருப்பார்கள். வெள்ளிக்கிழமை மதிப்பீடு. மிஸ் நேரில் வந்து பார்ப்பதாகவும் சொல்லியிருந்தார்.

வெள்ளி காலை பத்தரைக்கு மலை இறங்கியது. முத்துவீரன் அண்ணனுக்குக் காய்ச்சல், பிள்ளைகளுக்கு மழையால் பள்ளிக்கூடம் இல்லை, அவர்களைப் பார்த்துக்கொள்ள மல்லிகா அக்கா வேலைக்குப் போகவில்லை. நால்வரும் உள்ளே. அந்த நேரம் நான் வகுப்பில் அவர்களுடைய படத்துக்கு முன்னால் நின்று, இடைவெளியைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தேன். கை தட்டினார்கள்.

என் கட்டிலுக்கு அடியிலிருந்து சிவப்பு போர்டை எடுத்துவந்து உங்களிடம் தந்தது அப்பா என்றீர்கள். அவரிடம் எனக்குக் கோபமில்லை.

ஆகவே எழுதித் தருகிறேன். போர்டைக் கழற்றியது நான். பொய் சொல்லி அவர்களைக் குடிபோக வைத்தது நான். வெடிப்பைக் கண்டும் வாயைத் திறக்காமல் அதைப் படத்திலிருந்து அழித்தவனும் நான். நான்கு உயிருக்கும் நானே பொறுப்பு. கையெழுத்துப் போடுகிறேன்.

ஒன்றை மட்டும் மிஸ்ஸிடம் சொல்லுங்கள் சேர். மல்லிகா அக்கா என் போர்டை வாசித்துப் பயந்துதான் என்னிடம் கேட்க வந்தார். வடிவமைப்பில் பிழை இல்லை.