கிருத்திகையன்று ஊற்றிய இளநீர்

ஒரு பாத்திரம் சுத்தமாக இருக்கிறதா என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. கவிழ்த்து வைத்து, உலர்ந்த பிறகு முகர்ந்து பார்க்க வேண்டும். டாக்டரம்மா ஹம்சாவிடம் வேலை கேட்டுப் போன அன்று நான் இதைத்தான் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, "உங்கள மாதிரி ஆளத்தாங்க தேடிகினு இருந்தேன்," என்றார்.

மோரைக் குடியுங்கள் அம்மா. இந்த வெயிலில் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து மூன்றாவது தடவையாக வருகிறீர்கள். எழுதுகிற கைக்கும் தெம்பு வேண்டும். நான் எங்கும் போய்விட மாட்டேன்.

சித்தூர் ரோட்டில் இருக்கும் அந்தச் சின்ன ஆராய்ச்சிக்கூடத்தில் என்ன நடக்கிறது என்று ஊரில் பலருக்குத் தெரியாது. மாரடைப்பு வந்தால் இதயத்தில் ஒரு பக்கத்துச் சதை செத்துப்போகிறது. அது திரும்ப வளராது. டாக்டர், நோயாளியின் தொடையிலிருந்து துளி சதை எடுத்து, அதிலுள்ள செல்களை இரண்டு விரல் அகல வெள்ளை வலை ஒன்றின்மேல் விடுவார். எனக்குப் புரிகிற மாதிரிதான் சொல்லிக்கொடுத்தார்.

"வூடு கட்ட சாரம் கட்டறாங்க இல்லீங்களா, அதாங்க இது. செல்லுங்க இதைப் புடிச்சிகினு வளரும். அப்புறம் சாரம் தானா கரைஞ்சிடும்."

உடம்புச் சூடு மாறாத ஒரு பெட்டிக்குள் நான்கு வாரம். பிறகு சென்னையில் அதை இதயத்தின்மேல் வைத்துத் தைப்பார்கள். இதுவரை சிலருக்குத்தான் செய்திருக்கிறார்கள்.

அந்தச் செல்களுக்கும் பசிக்கும். ஒருநாள் விட்டு ஒருநாள் பழைய நீரை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புது நீர் ஊற்ற வேண்டும். அந்த நீர் ரோஸ் நிறமாக இருக்கும். உள்ளே இருப்பவை தின்று வளர்ந்தால் மஞ்சளாக மாறும். ரோஸாகவே நின்றால் உள்ளே உயிர் இல்லை. டாக்டர் இதை எனக்கு ஒரே ஒருமுறைதான் சொன்னார். எனக்கு எதையும் இரண்டு முறை சொல்ல வேண்டியதில்லை.

ஆறு வருடத்தில் என் கை பட்ட எந்தத் தட்டிலும் பூஞ்சை பிடித்ததில்லை. கை கழுவிய பிறகு எதையும் தொடாதே, குனிந்து பேசாதே, எச்சில் தெறிக்கும். படித்த பிள்ளைகளுக்கு இதை மாதக்கணக்கில் சொல்லித்தர வேண்டியிருந்தது. நான் மடைப்பள்ளிக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவள். மடி என்று நாங்கள் சொல்வதும் இதுதான்.

இனி சுப்புரத்தினம் பாவாவைப் பற்றிச் சொல்கிறேன். எங்கள் வீட்டுக்காரருக்கு அண்ணன். மலைமேல் கோயிலில் சாமிக்குச் சாதம் வடிப்பவர். நல்ல மனிதர், அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். நான் வேலைக்குச் சேர்ந்த வாரமே வீட்டில் ஒரு ஏற்பாடு செய்தார்.

"சதையத் தொட்டுகினு வர கை. சாமிக்கு வடிக்கறவன் சாப்படற வூடு இது. ஜம்பகம் சமையலுள்ளுக்குள்ள வரவேணாம்."

கோபமாகச் சொல்லவில்லை. அன்றிலிருந்து அக்கா, அதாவது அவர் மனைவி, என் தட்டைத் துவைக்கிற கல் பக்கம் கொண்டுவந்து வைப்பார். எனக்கு அதில் வருத்தமில்லை. மழைக்காலத்தில் மட்டும் சாதத்தில் தண்ணீர் விழும்.

போன தை மாதம் பாவா மலைப்படியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பிழைத்தார், ஆனால் பத்து அடி நடந்தால் மூச்சு வாங்கியது. டாக்டரிடம் நான்தான் அழைத்துப்போனேன். தொடையில் சதை எடுத்துத் திரும்பி வரும்போது ஆட்டோவில் என்னைப் பார்த்துக் கேட்டார்.

"அதெல்லாம் சுத்தபத்தமா பண்ணுவாங்களா ஜம்பகம்?"

"நாந்தான் பாத்துக்கறேன் பாவா."

"ஆங். நீ இருக்க இல்ல. அப்ப சரி."

அன்று ராத்திரி வெகுநாளைக்குப் பிறகு நன்றாகத் தூங்கினார் என்று அக்கா சொன்னார்.

அதே சமயத்தில் அரக்கோணம் லாரி மெக்கானிக் நஜீர் அகமதுவின் செல்களும் வளர்ந்துகொண்டிருந்தன. ஒரே பெட்டி, பக்கத்துப் பக்கத்துத் தட்டு. இரண்டுக்கும் ஒரே சாப்பாடு. அந்த ரோஸ் நீரில் ஒன்று கலப்பார்கள். பசுவின் வயிற்றில் இருக்கும் கன்றின் இரத்தத்திலிருந்து எடுத்தது அது. யாருக்கோ வளர்க்கும்போது நான் அதை யோசித்ததில்லை. பாவா விஷயம் வேறல்லவா. பன்னிரண்டு வயதிலிருந்து கிருத்திகை விரதம் விடாதவர். அந்தத் தட்டில் இருந்தது அவருடைய உடம்புதானே.

ஆடிக் கிருத்திகை வந்தது. டாக்டர் பெங்களூர் போயிருந்தார். என்னோடு வேலை செய்கிற, கனகம்மாசத்திரத்திலிருந்து வரும் சாய்லக்ஷ்மிக்குக் காவடிக் கூட்டத்தில் பஸ் இல்லை. "ஜம்பகம்மா, மூணு நாளும் நீங்களே பாத்துக்கோங்க," என்று போன் செய்தாள். ஜன்னல் வழியே அரோகரா சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. நானும் விரதம்தான்.

பாவாவின் தட்டிலிருந்து ரோஸ் நீரை உறிஞ்சி எடுத்தேன். ஒரு இளநீரின் கண்ணில் ஊசியை இறக்கி, காற்றுப்படாமல் எடுத்து ஊற்றினேன். விரதக்காரருக்கு அதைவிடச் சுத்தமாக என்ன கொடுக்க முடியும். ஒவ்வொரு பேருக்கும் சோதனைக்கென்று கூடவே வளர்க்கும் இரண்டு சின்னத் தட்டுகள் உண்டு. பாவாவுடைய அந்தத் தட்டுகளிலும் இளநீரே ஊற்றினேன். நஜீர் பாய்க்கு வேளை தவறாமல் ரோஸ் நீர். அவருக்கு ஏது கிருத்திகை.

நான்காம் நாள் பாவாவுக்கும் பழையபடி ரோஸ் நீர் ஊற்றினேன். நஜீர் பாயின் தட்டு மறுநாளே மஞ்சளானது. பாவாவுடையது ரோஸ் மில்க் மாதிரி அப்படியே நின்றது. அதற்கு மறுநாளும் ரோஸ்.

டாக்டர் ஊரிலிருந்து வந்ததும் சின்னத் தட்டை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்ப்பார். இதற்காகப் பல வருடம் கண் விழித்தவர், அவர் மனம் நோகக்கூடாது. நஜீர் பாயின் சின்னத் தட்டு ஒன்றில் பேர் ஒட்டியிருந்த சீட்டை உரித்துவிட்டு, பாவாவின் சீட்டை ஒட்டினேன்.

"அருமையா வளந்திருக்குங்க ஜம்பகம்மா. எல்லாம் உங்க கைராசி," என்றார் டாக்டர்.

ஆவணியில் சென்னையில் வைத்துத் தைத்தார்கள். ஒன்பதாம் நாள் தைத்த இடம் அழுகிப் பிய்ந்துவிட்டது. அன்று காலையில்தான் பாவா இட்லி கேட்டிருந்தார். அக்கா மூலையில் உட்கார்ந்துவிட்டதால், பதின்மூன்றாம் நாள் சமையல் என் பொறுப்பானது. நாற்பது பேர் சாப்பிட்டார்கள். ரசத்தை இரண்டாவது தடவை கேட்டு வாங்கினார்கள். நீங்கள் தேதிவாரியாகக் கேட்பதால் இதையும் சொன்னேன்.

நஜீர் பாய் நன்றாக இருக்கிறார். போன வாரம் சாத்துக்குடிப் பையோடு வந்தார். "இன்னாக்கா, நம்ம நெஞ்சுக்கு நீங்கதான் சோறு ஊட்னீங்களாமே. சகீனா உங்க பேரச் சொல்லி துவா பண்ணிகினு இருக்குது," என்றார். அவர் மனைவி. நல்ல பெண்.

அதற்குள் டாக்டர் அந்தச் சின்னத் தட்டை மறுபடி சோதித்து, அதில் இருப்பது நஜீர் பாயின் செல் என்று கண்டுபிடித்திருக்கிறார். கெட்டிக்காரி. ஆகவே தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள். ரோஸாக நின்றால் செத்துவிட்டது என்று எனக்குத் தெரியும். சீட்டை மாற்றியது நான். செத்ததைத் தைக்க அனுப்பியது நான். அதனால்தான் பாவா செத்தார். காரணத்தையும் சேர்த்து எழுதுங்கள். கன்றின் இரத்தத்தில் வளர்ந்தது அவர் நெஞ்சில் படக்கூடாது, அவர் தீட்டில்லாமல் இருக்க வேண்டும். வேறு எதுவும் என் மனதில் இல்லை.

ஏனம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டீர்கள். கேளுங்கள், தயங்க வேண்டாம்.

"இல்லீங்க... அந்த வெள்ளை வலையே மாட்டோட நெஞ்சுச் சவ்வுல செய்யறதுன்னு டாக்டரு சொன்னாங்க. அது உங்களுக்குத் தெரியாதா?"

தெரியும் அம்மா. ஆறு வருடமாக அதைக் கழுவி வெளுத்துக் கொடுப்பதே நான்தானே.