கப்பல் வரும் வளைவு

சேந்தமங்கலத்திலிருந்து கொல்லிமலை ஏறும் பஸ்ஸில், முன்சீட்டுப் பேச்சு என் தூக்கத்தைக் கலைத்தது. சதுரங்கத்தில் சொந்த செல்போனிடமே தோற்பவன் நான். இருந்தும் காது நிமிர்ந்துகொண்டது.

"அந்தக் காலத்துல லண்டன்காரங்களும் பாரிஸ்காரங்களும் தபால்லயே செஸ் ஆடினாங்க. ஒரு காய் நகர்த்தினா, பதிலுக்குக் கப்பல் வரணும்."

சொன்னவர் மலைக்கு மாற்றலாகி வந்த ஆபீஸ்காரர். கேட்டவர் மிளகு விற்றுத் திரும்பும் விவசாயி.

"அதுவரைக்கும் என்னங்க பண்ணுவாங்க?"

"காத்திருப்பாங்க. ஊர்ல இருக்கற என் பொண்ணும் நானும் போன்ல அப்படித்தான் ஆடறோம். என் குவார்ட்டர்ஸ்ல சிக்னல் இல்ல. கீழ பஸ் ஏறறப்ப பாத்தேன், பதில் வரல. இனி மேல் வளைவுல, ஜன்னலோரம் மட்டும்தான் சிக்னல் வரும். தீபாவளிக்குக் குதிரையை நகர்த்தினேன். பொங்கலே முடிஞ்சிருச்சு."

"அட, இப்படி வாங்க சார்." விவசாயி எழுந்து ஜன்னலோரத்தைக் கொடுத்தார்.

வளைவு வந்தது. நானும் போனைத் தூக்கிப் பார்த்தேன். ரீசார்ஜ் முடியப்போகிறதாம்.

"கப்பல் வந்துச்சுங்களா?"

"இல்ல."

"பாப்பா தோக்கற ஆட்டமுங்களா?"

"நான்தான் தோக்கறேன். அவ ஒரு காய் நகர்த்தினா ஆட்டம் முடிஞ்சுது."

"அப்ப பாப்பாவுக்கு முடிக்க மனசில்லீங்க சார்."

 வளைவு தாண்டி வெகுதூரம் போன பிறகும் ஆபீஸ்காரர் போனை ஜன்னலோரமே பிடித்திருந்தார்.