மொட்டு விரிவதற்குள்

சங்கத்தைத் தோளில் சுமக்கும் தலைவர் அவர்களே! கோப்பையைத் துடைத்துத் துடைத்தே தேய்த்துவிட்ட செயலாளர் அவர்களே! முன்வரிசையில் முதுகு நிமிர்ந்து அமர்ந்திருக்கும் பெரியோர்களே! பேச்சில் ஒரு காதும் தொட்டியில் ஒரு கண்ணுமாக இருக்கும் தாய்மார்களே! போன்சாய் வளர்ப்போர் சங்கத்தின் வசந்தக் கண்காட்சிக்கு வந்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

என் சித்தியின் மேப்பிள் மரத்துக்கு மூன்றாம் முறையாகக் கோப்பை கொடுத்திருக்கிறீர்கள். பாராட்டிப் பேசத்தான் என்னை அழைத்தீர்கள். பாராட்ட வாய் வரவில்லை. பயமாக இருக்கிறது.

இதோ, என் இடப்பக்கம் நிற்கிறது பாருங்கள். என்ன எழில்! என்ன எடுப்பு! தொட்டி விளிம்புக்கு மேலே இரண்டு விரற்கடை எழும்பி நிற்கிறது. நடுவர்கள் அதற்குக் ‘கம்பீரம்’ என்று பெயர் வைத்தார்கள். ஐயா, உள்ளே வேருக்கு இடமில்லை. வேர் வேரைச் சுற்றி, சுற்றிய வேர் அடியை முட்டி, முட்டிய வேர் மரத்தையே மேலே தள்ளுகிறது. நெரிசலில் நசுங்குகிறவன் மூச்சுக்காக எக்கி நின்றால், ஆள் நல்ல உயரம் என்று புகழ்வீர்களா?

போன வாரம் செயலாளரிடம் சொன்னேன். கம்பியால் இழுத்துக் கட்டி, மேலே பாசியைப் பரப்பிவிட்டால் வெளியே தெரியாது என்றார். தெரியாதுதான். நாம் எதை அப்படி மூடி வைக்கவில்லை? எங்கள் தெருவில் ஒற்றை அறைக்குள் ஒரு குடும்பமே ஒருக்களித்துப் படுக்கிறது. சன்னல் கேட்டார்கள். வீட்டுக்காரர் வெளிச்சுவருக்கு வண்ணம் அடித்துக் கொடுத்தார்.

சரி, மரத்துக்கு வருகிறேன். தலைவர் மணியைத் தேடுகிறார்.

இன்று காலை சித்தி தண்ணீர் ஊற்றினார். ஒரு சொட்டு உள்ளே இறங்கவில்லை. தட்டில் நிற்பதுபோல் நின்றது. வழிந்தது. மேடை விரிப்பை நனைத்தது. பதறிப்போய் நாலு பேர் ஓடிவந்தார்கள், விரிப்புக்காக!

சித்தி என்னை ஓரமாக இழுத்துப் போனார்.

“எல மொட்டப் பாத்தியாடி? நுனி பச்சையாயிடுச்சு. நாளைக்கோ மறுநாளோ விரிஞ்சிடும். எல வந்தப்புறம் வேர்ல கத்தரி வெச்சா தாங்காது. இப்படியே விட்டா வெயில் காலத்தத் தாண்டாது.”

“அப்ப இன்னைக்கே தொட்டியிலேர்ந்து எடுத்துடலாமே சித்தி?”

“கோப்பை மரத்தக் கண்காட்சி முடியற வரைக்கும் தொடக்கூடாதாம். போன வருஷமும் அதத்தான் சொன்னாங்க. நானும் கோப்பைய வாங்கிட்டு வாய மூடிட்டேன்.”

கண்காட்சி எப்போது முடியும்? இலையெல்லாம் விரிந்த பிறகு! மூன்று வசந்தம் வந்தது, மூன்று கோப்பை வந்தது. மண் மாறியதா? வேருக்கு விடிவு வந்ததா? அழகாய் இருக்கிறாய், அப்படியே இரு என்று சொல்லிச் சொல்லியே ஓர் உயிரைக் கொல்லலாம். கைதட்டிக்கொண்டே கொல்லலாம்!

என்ன கேட்டீர்கள்? “வேர வெட்டுனா மட்டும் பொழைச்சிடுமா?” பூக்கடை அண்ணன் குரல்தானே அது? நியாயமான கேள்விண்ணே. எனக்குத் தெரியாது. வேரில் மூன்றில் ஒரு பங்கை வெட்ட வேண்டும். புது மண்ணைக் குச்சியால் குத்திக் குத்தி இண்டு இடுக்கெல்லாம் இறக்க வேண்டும். பிறகு நிழலில் வைத்துவிட்டு, தினமும் மொட்டைப் பார்த்துப் பார்த்துச் சாக வேண்டும். பிழைக்கலாம். பிழைக்காமலும் போகலாம். வெட்டினால் பயம் இருக்கிறது. வெட்டாவிட்டால் பயப்படக்கூட ஒன்றும் மிஞ்சாது.

அதனால் தலைவர் அவர்களே, உங்கள் சட்டத்தைத் தளர்த்துங்கள். இன்றைக்கு, இந்த மாலைக்குள், இந்த மரத்தை விட்டுவிடுங்கள். சட்டம் அடுத்த ஆண்டும் இருக்கும். மரம்?

ஒரு நிமிடம். சித்தி எழுந்துவிட்டார். மேடைக்கு வருகிறார். கோப்பையைத் தலைவர் மேசையில் வைத்துவிட்டார். பைக்குள் கையை விடுகிறார். வேர்க் கத்தரி!

என்ன சித்தி? “பேசினது போதும்டி. தொட்டிய அந்தப் பக்கம் புடி” என்கிறார்.

தலைவர் மணியைக் கீழே வைத்துவிட்டார். அவர் சம்மதம் சொல்லும்வரை மொட்டு காத்திருக்காது.

இவ்வளவு நேரம் பொறுத்துக் கேட்டதற்கு நன்றி. கைதட்ட வேண்டாம். கல் தொட்டி கனக்கும், நாலு பேர் மேலே வாருங்கள். பூக்கடை அண்ணே, நீங்களும்தான். மெதுவாக, மொட்டில் இடிக்காமல். வணக்கம்.