மாலைக்கு வராத ஆளு

இன்னா சார் சொன்னீங்க, மேடையா? முனிகிருஷ்ணனை மேடைல ஏத்தி மாலை போடப் போறாரா உங்க மொதலாளி? சிரிக்காம இன்னா பண்றது சார், கோச்சுக்காதீங்க. அந்தக் கட்டுமரத்து மேல குந்துங்க, காஞ்சுதான் கீது, பேண்டு அழுக்காவாது. முனி கடலுக்குப் போயிகிறான். வர்ற நேரந்தான். என் பேரா? குப்புராஜ். முனிக்கு ஒறவெல்லாம் இல்ல, இந்த ஊரும் இல்ல. வடக்க பழவேற்காடு பக்கம். ஒரு வருசமா இந்தக் காட்டுப்பள்ளி குப்பத்துலதான் அவன்கூட தொழிலுக்குப் போய்க்கினு கீறேன், இன்னிக்கு ஒரு நாளு வலை தைக்க நின்னுட்டேன். அவன் வர்றதுக்குள்ள ஒரு விசயம் சொல்றேன். கேட்டீங்கன்னா அவனைக் கூப்புட உங்களுக்கே வாய் வராது.

கவரப்பேட்டைல இரும்பு பாக்டரி வச்சிகினு கீற உங்க சுப்பராயன் மொதலாளிக்கு இன்னாத்துக்கு சார் பாய்க்கப்பலு? வெள்ளைக்காரன் போவ சொல்ல வுட்டுட்டுப் போனதாம், வாங்கிட்டாரு. வாங்கினவரு சும்மா கீறாரா? கூட்டாளிங்க மூணு பேரைச் சேத்துகினு, அந்தமான் பக்கம் தீவுங்களைச் சுத்திப் பாக்கறேன்னு கெளம்பிட்டாரு. பாய் ஏத்தணும், கயிறு இஸ்கணும், சோறு ஆக்கணும், அவங்க துன்ன தட்டைக் கழுவணும். அதுக்கு முனியப் புடிச்சாரு. இவனும் கல்யாணம் ஆவாத பையன், நாலு ஊரு பாக்கலாம்னு ஆசைப்பட்டு ஏறிட்டான்.

அஞ்சு மாசம் சார். தீவுல எறங்கணும்னா தொரைங்க கால் நனையக் கூடாது. முனி இடுப்புத் தண்ணில எறங்கி ஒவ்வொருத்தரா தோள்ல தூக்கினு போய் மணல்ல வுடணும். எறங்கி இன்னா பண்ணுவாங்கன்றீங்க? தென்னமரத்தைப் பாப்பாங்க. நம்ப ஊர்ல இல்லாத தென்னமரத்தை. அது பக்கத்துல நின்னு போட்டோ புடிச்சுக்குவாங்க, பாட்டிலைத் தொறப்பாங்க, தூங்கிடுவாங்க. மறுநா வேற தீவு, வேற தென்னமரம். பாக்கியநாதன்னு ஒரு வக்கீலு, அவரு ஒருத்தருதான் முனிய பேர் சொல்லிக் கூப்புடுவாராம். மத்தவங்களுக்கு டேய்தான்.

பொங்கல் முடிஞ்சு திரும்பறாங்க. வாடக்காத்து நல்லா தள்ளிக்கினு வருது. காலைல பழவேற்காடு லைட் அவுஸு கண்ணுல பட்டதும் முனிக்கு அழுகையே வந்துடுச்சாம். கருவாட்டு வாசனை கூட வந்துச்சுன்றான், அவ்ளோ தூரத்துல எங்க வரப் போவுது, ஆசைதான். மொதலாளிக்கு அந்த ஆசையெல்லாம் இல்ல. மெட்ராஸ் ஆர்பர்ல பேண்டு வாத்தியம் நிக்குது, பேப்பர்காரங்க நிக்கறாங்க, பொழுது சாயறதுக்குள்ள போயிடணும். மொகத்தை வழிச்சுகினு, வெள்ளைச் சட்டை போட்டுகினு ரெடியா கீறாரு. எஞ்சின் வர்ற வழிலயே பூட்ச்சு. காத்து ஒண்டிதான்.

அப்பதான் முனி பாத்தான். கட்டை ஒண்ணு மெதக்குது, அது மேல ஒரு ஆளு. யாரோட கட்டுமரமோ கட்டு அவுந்து செதறி, ஒத்தக் கட்டையக் கட்டிப் புடிச்சுகினு கெடக்கறான். கைய ஆட்டக் கூட தெம்பு இல்ல. முனி போய்ச் சொன்னான், பாயை எறக்கட்டுமான்னு கேட்டான். மொதலாளி பைனாகுலரை எடுத்துப் பாத்தாரு. நல்லாவே பாத்தாரு சார். பாத்துட்டு, இப்ப பாயை எறக்கினா போய்ச் சேர்றதுக்கு ராத்திரி ஆயிடும், அங்க பெரிய மனுசங்கல்லாம் காத்துகினு கீறாங்கன்னாரு. அதோட வுட்டாரா? அவன் மீன் புடிக்கிறவன்டா, கடல் அவனுக்கு ஊடு மாரி, அவன் ஆளுங்க வந்து தூக்கினு போவாங்கன்னாரு.

ஊடு மாரியாம். இவரு ஊட்டுல யாராச்சும் ஒரு கட்டையப் புடிச்சுகினு ராவெல்லாம் மெதப்பாங்களா சார்?

முனி வக்கீலு மொகத்தைப் பாத்தான். பேர் சொல்லிக் கூப்புடற மனுசனாச்சே, ஒரு வார்த்தை சொல்லுவாருன்னு. அவரு குனிஞ்சு ஷூ கயிறைக் கட்டிக்கினாராம். அந்த நேரத்துல முனிக்குக் கோவம் கூட வரலை. இவங்களையா அஞ்சு மாசமா தோள்ல தூக்கினோம்னு ஒடம்பு கூசிச்சு, அவ்ளோதான்னு சொன்னான். கம்பில மாட்டியிருந்த மெதவை வளையத்தைக் கழட்டினான். நீங்க போய் மாலை போட்டுக்கோங்கன்னான். குதிச்சுட்டான்.

குதிச்சப்புறமும் ஒரு நெனைப்பு இருந்துச்சாம், நம்பளுக்காவது பாயை எறக்குவாங்கன்னு. தலைய தூக்கித் தூக்கிப் பாத்தானாம். எங்க. அது சின்னதாயிகினே போச்சு.

கட்டைகிட்ட போவ சொல்ல அந்த ஆளு கைய வுட்டுட்டான். முனி முடியப் புடிச்சுத் தூக்கி வளையத்தை மாட்டினான். அப்பால பேசிக்கினே இருந்தான். தீவுக் கதை, தொரைங்க கதை, எல்லாம். அந்த ஆளு கண்ணை மூடினா பளார்னு ஒண்ணு வைப்பான், திரும்பக் கதை சொல்லுவான். மத்தியானத்துக்கு மேல நம்ப குப்பத்துத் தாவீது வலையெடுத்துகினு திரும்ப சொல்ல பாத்து ரெண்டு பேரையும் ஏத்திகினு வந்தான்.

மறுநா பேப்பர்ல போட்டோ. நாலு பேரு, மூஞ்சி தெரியாத அளவுக்கு மாலை. அஞ்சாவது ஆளு எங்கன்னு கேட்டதுக்கு உங்க மொதலாளி, சொந்த ஊரைப் பாத்த ஆசைல அங்கயே எறங்கிட்டான்னு சொன்னாரு பாருங்க. நடுக்கடல்ல. அந்த வாய்க்குதான் இப்ப, தீவெல்லாம் சுத்திட்டு வந்ததுக்குன்னு கிளப்புல கப்பு குடுக்கறாங்க. அஞ்சு பேரும் மேடைல வோணும்னு அவங்க கேட்டதும் முனி ஞாபகம் வந்துடுச்சு, புது வேட்டியக் குடுத்து உங்கள அனுப்பிட்டாரு. நீங்க இன்னா பண்ணுவீங்க பாவம், சம்பளக்காரரு. ஆனா அந்த வேட்டிய எடுத்துகினே போயிடுங்க சார். முனி கைல குடுத்தா அத்தக் கிழிச்சு அடுப்புக்கரி தொடைப்பான், அதுவே மரியாதைதான்.

இன்னா கேட்டீங்க? அந்த ஆளு பொழைச்சானான்னா? பரவால்ல, நீங்களாச்சும் கேட்டீங்க. உங்க மொதலாளி இன்னி வரைக்கும் கேக்கலை. பொழைச்சான், நல்லாதான் கீறான்.

எழுந்துருங்க சார், அதோ முனி வந்துட்டான், மரத்தை இஸ்துக் கரைல போடணும். ராவெல்லாம் அந்தக் கட்டையக் கட்டிகினு கெடந்ததுல எனக்கு எடது கை மேல தூக்க வராது. ஆனா அவன் மரத்தை வேற ஆளு தொட வுட மாட்டேன். கொஞ்சம் நவுருங்க.