மூடியைத் திறக்காதீங்க, மிஸ்

ஐயோ, மூடியத் திறக்காதீங்க மிஸ்! கைய எடுங்க, கோவிக்காதீங்க. ஒரு தரம் திறந்தா சூடெல்லாம் போயிடும், பிறகு அரை மணித்தியாலம் கூடப் புடிக்கும். இல்ல, சோறு இல்ல. இது ரைஸ் குக்கர் இல்ல மிஸ், ஸ்லோ குக்கர். குவைத்துச் சாமான். உள்ளுக்கு சொக்லட் புடிங் வெந்துகொண்டிருக்கு. பன்னெண்டுக்கு வச்சன், ரெண்டரைக்குத் திறக்கலாம். இப்ப எத்தின? ரெண்டு பத்தா? அப்ப கொஞ்சந்தான். இரிங்க. அதில வேணாம், அந்தக் கதிரைக்கு ஒரு கால் ஆட்டம். இதில இரிங்க.

ஓம், நான்தான் நிஸ்மியா. ஃபஸ்னாட ராத்தா. நீங்க மெலனி மிஸ்தானே? குரல வச்சே மட்டுக்கட்டிட்டன், ஃபோனில என்னோடதானே கதைச்சீங்க. தங்கச்சியும் மாப்புளயும் புத்தளத்துக்குப் போயிட்டாங்க மிஸ், பாஸ்போர்ட்டுக்குப் படம் எடுக்க. நீங்க நாளைக்கு வாறதாத்தானே… இண்டைக்கெண்டா சொன்னீங்க? அப்படியா? அப்ப நான்தான் அவங்களுக்குப் பிழையாச் சொல்லியிருக்கன். வயசு போகுது மிஸ், நாப்பத்தாறு. ஒண்டும் தலையில நிக்குதில்ல.

அதுக்கென்ன, அவங்க இல்லாட்டிப் பரவாயில்லயே. ஃபஸ்னா குவைத்துக்கு வேலைக்குப் போனா புள்ளய யார் பாக்கிறது எண்டு விசாரிக்கத்தானே நீங்க வந்திருக்கீங்க. பாக்கிற ஆள் உங்களுக்கு முன்னால ஒப்பம் வைக்கணும் எண்டீங்க. அந்த ஆள் நான்தான். இந்தா, பேனயும் எடுத்து வச்சிருக்கன்.

தாயோடயும் கதைக்கணுமா? ம். கதைங்க, கதைங்க. வருவாங்க.

கொஞ்சம் மெதுவா மிஸ், உள்ளுக்கு ஃபஸ்னாட மகள் ஆதிலா நித்திர. ஓம், என்ட கட்டில்லதான். அவங்கட முன்வீட்டில அவக்கு நித்திர வாறல்ல, அந்த ஃபேன் கரகரண்டு கத்தும். நான் சொல்லிச் சொல்லிப் பாத்தன், மாப்புள திருத்தமாட்டார். புள்ளக்கி வேர்க்குரு போட்டா யார் பாக்கிற? இங்க எண்டா வலைக்குள்ள போட்டு, வெள்ளப் பவுடர் தேச்சு, பக்கத்தில நான் இருந்து விசுக்குவன். இப்ப டெங்குக் காலம் வேற.

என்ன, வாசமா? அது கொக்கோ. நல்லா மூக்குக்குள்ள போகும். செய்முறை கேக்கிறீங்களா? உங்களுக்கெண்டபடியாச் சொல்றன். மாவு, சீனி, கொக்கோ, பேக்கிங் பவுடர். அதுக்குள்ள உருக்கின பட்டர், பால், ஒரு முட்ட. அடிச்சுச் சட்டியில பரப்பிற. அதுக்கு மேல சக்கரயும் கொக்கோவும் கலந்து தூவுற. குவைத்தில மண்ணிறச் சீனி போடுவாங்க, நான் கித்துள் கருப்பட்டியச் சீவிப் போடுவன், அது இன்னும் திறம். பிறகு கொதிதண்ணிய அப்படியே மேல ஊத்திற. ஓம் மிஸ், மேலதான்! பாத்தீங்கண்டா களப்புச் சேத்தில கால் வச்ச மாதிரி இருக்கும், வாயில வைக்க மனம் வராது. ஆனா கிளறக் கூடாது. மூடிக்குக் கீழ ஒரு துவாயக் கட்டி, இல்லாட்டி ஆவி தண்ணியாச் சொட்டும், மூடிட்டு விலகிடணும். தன்பாட்டில மேல கேக் எழும்பும், கீழ குழம்பு மாதிரி சொக்லட் இறங்கி நிக்கும்.

அங்க வேலைக்கு நிக்கக்குள்ள நான் முதல் தரம் கிளறிப்போட்டன். தொதல் கிண்டி வளந்த கை மிஸ் இது. நம்மட குசினியில எத நாங்க கிளறாம விட்டிருக்கோம்? பெருநாளைக்கு முந்தின நாள் நாலு மணித்தியாலம் அகப்பய விடமாட்டோம். சட்டி வந்த பெட்டியில கிளறாதே எண்டு எழுதித்தான் இருந்ததாம். இங்கிலிஷில. நான் ஏழாம் ஆண்டோட பள்ளிக்கூடத்த விட்டவள். அரபு எழுத்து வாசிப்பன், அது ஓதுறதுக்கு, கதைக்க உதவாது. கிளறிக் கிளறி எல்லாம் ஒரு களி. வீட்டுக்கார மெடம் ஏசுவா எண்டு பயந்துகொண்டு நிண்டன். அவ ஏசல்ல. சிரிச்சா. தங்கச்சிமார எல்லாம் ஃபோனில கூப்பிட்டுக் காட்டிச் சிரிச்சா. நல்ல மனுஷி. எனக்கெண்டு தனி அறையே தந்தா தெரியுமா? உடுப்புக் கழுவுற மெசினும் அதுக்குள்ளதான் இருந்த, ஆனா தனி அறை.

மொத்தம் எத்தின வருஷமா? பதினொண்டு. முதல் மூண்டு வேற வீட்டில. மற்ற எட்டும் மெடம் வீட்டில. அவட மகள் லுல்வாவ என்ட கையில தந்தப்ப நாப்பது நாள். தொப்புள் இன்னும் சரியாக் காயல்ல மிஸ். மெடத்துக்கு வேலையிருந்த, பார்ட்டி இருந்த, முதுகுவலியும் இருந்த. எனக்கு ஒண்டும் இல்லயே. பால் கரைச்சு, பல்லு முளைக்கக்குள்ள தூக்கிக்கொண்டு நடந்து, பள்ளிக்கூட வேனுக்கு ஏத்தி எல்லாம் நான்தான். என்ன மாமா எண்டுதான் கூப்பிடுவா. அங்க மாமா எண்டா உம்மா. எனக்கு முதல்ல சிரிப்பு, மீச வச்ச ஆம்புளயக் கூப்பிடுற மாதிரி. பிறகு பழகிட்டுது. பிறகு அந்தச் சத்தம் கேக்காட்டி நித்திர வராது.

இந்தப் புடிங் அவக்குத்தான் மிஸ். வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழம. நான் தீத்தினாத்தான் திம்பா. ஒரு நாள் மெடம் கரண்டிய வாங்கித் தீத்தப் பாத்தா, புள்ள வாய இறுக்கி மூடிக்கொண்டு என்னப் பாக்குது. வீடு நிறைய ஆக்கள். நான் கிளறினப்ப சிரிச்ச மெடம் அண்டைக்குச் சிரிக்கல்ல.

அடுத்த கிழம டிக்கெட் வந்த. எட்டு வருஷம், எட்டு நாளில முடிஞ்ச. நல்ல மனுஷி எண்டு சொன்னன்தானே, வெறுங்கையோட அனுப்பல்ல. இந்தச் சட்டியத் தந்தா. நீதான் இத நல்லாச் செய்வே, கொண்டு போ எண்டு. ஒரு தாய்க்குத்தானே மிஸ் அப்படி மனம் வரும், என்ன? லுல்வாட்ட நான் கடைக்குப் போறன் எண்டு சொல்லச் சொன்னாங்க. சொன்னன். என்ன வேணும் எண்டு கேட்டன். சூயிங்கம் எண்டா.

பிறகா? ரெண்டு மாசம் ஃபோன் எடுத்தன். ஒரு நாள் வீடியோவில புள்ளயே எடுத்தா. கிட்ட வந்து பாத்துட்டு, யார் இது எண்டு தாய்ட்ட அரபில கேட்டா. எனக்கு விளங்குற அரபுதான். நெட்வேர்க் சரியில்ல எண்டு நான்தான் வச்சன்.

இல்ல மிஸ், அழல்ல. வெக்க. இந்தக் குசினிக்கு ஜன்னல் ஒண்டு வைக்கணும்.

எனக்குப் புள்ளைகளா? எங்க மிஸ். கல்யாணம் முடிச்சு ஒண்டரை வருஷத்தில போனவள் நான். ரெண்டாந்தரம் போயிருக்கக்குள்ள அவர் வண்ணாத்திவில்லுப் பக்கம் இன்னொண்டு முடிச்சிட்டார். நாலு புள்ளைகளாம். நல்லா இருக்கட்டும், நான் துஆச் செய்றதுதான். சில நாளைக்கு மறந்துபோறது.

வீடா? முன்வீடு ஃபஸ்னாக்கு எழுதிக் குடுத்த. எங்கட ஆக்களில பொம்புளப் புள்ளக்கி வீடு இல்லாம மாப்புள எடுக்கேலுமா? உம்மா மவுத்தானப்ப அவக்குப் பத்து வயசு, நான்தானே பாக்கணும். குவைத்தில இருந்து கல்லுக் கல்லா அனுப்பிக் கட்டினது. ரெண்டு அறை, டைல்ஸ், கல்யாணத்தண்டு லைட் போட்டா எத்தாளைக் கரையில கப்பல் வந்து நிண்ட மாதிரி. சாவிய மாப்புளட கையில நான்தான் குடுத்தன். பின்னால இந்தக் குசினியையும் அறையையும் எனக்கு இறக்கித் தந்தாங்க. அவங்களும் நல்ல ஆக்கள்தான். எனக்கு வாய்க்கிறதெல்லாம் நல்ல ஆக்கள் மிஸ்.

ரெண்டரையா? அப்ப திறப்பம். பாத்தீங்களா? மேல வெடிச்சிருக்கு, ஓரத்தில குமிழி வருது. கரண்டிய அடி வரைக்கும் விடணும். பாருங்க எப்படி வழியுது. பிடிங்க. என்ன, வேணாமா? ஓ, நீங்க வேதக்காரர், தவக்காலம். இறைச்சிதானே மிஸ் விடுறது? சொக்லட்டயும் விட்டுட்டீங்களா? யாரும் சொன்னாங்களா, நீங்களாவா? நீங்களா விட்டதெண்டா நீங்களாத் திங்கவும் ஏலும். ஒரு கரண்டி. ஆண்டவர் கற்பிட்டி ரோட்டில இவ்வளவு தூரம் உங்கள வெயில்ல நடக்கவிட்டவர், இதப் பொறுப்பார்.

எப்படி? ஆ! நான் சொன்னன்தானே. எடுங்க, இன்னும் எடுங்க.

ஆதிலாக்கும் ஒரு நாள் சும்மா நாக்கில வச்சன். ஒரு சொட்டு. அண்டையில இருந்து உம்மாட சோத்தத் துப்பிப்போட்டு இந்தப் பக்கம் ஓடி வாறா. ஃபஸ்னா அழுகிறா, புள்ளக்கி என்ன செஞ்ச எண்டு என்னோட சண்ட. நான் என்ன செஞ்ச? ஒண்டும் செய்யல்ல. கிளறாம, விலகி, சும்மா இருந்தன்.

கொஞ்சம் பொறுங்க, எழும்பிட்டா போல. இந்தா வாறன் தங்கம்! உம்மா எண்டா கூப்பிட்டா? இல்ல மிஸ், ரெண்டு வயசுப் புள்ளக்கிப் பொம்புளயக் கண்டா எல்லாரும் உம்மாதான். உங்களக் கூப்பிட்டதோ தெரியா. வா மகள், வா, மிஸ்ஸப் பாரு. வெக்கமா? என்ட தோளில மூஞ்சிய மறைச்சிட்டா. இப்படித்தான், என்னத் தவிர ஒருத்தர்ட்டயும் போகமாட்டா.

ஓம், ரெண்டு முடிஞ்சிட்டுது. ரெண்டு முடியாட்டித் தாய் போகேலா எண்டு முந்தி உங்கட ஒஃபீசில சொன்னாங்கதானே. முடிஞ்சு இண்டையோட பதினொரு நாள். பிறப்புப் பத்திரம் வேணுமெண்டா பாருங்க. கலண்டர்லயும் அடையாளம் போட்டிருக்கன்.

விண்ணப்பமா? கையெழுத்து மாப்புளட. சொன்னது நான். ஏஜென்ட்காரரயும் நான்தான் தேடிப் புடிச்சன். எனக்குப் பழக்கம்தானே. மாப்புள றிப்னாஸ் தம்பி பாவம், வேன் ஒண்டு வேணும் எண்டு எப்பவும் கனவு. அதுக்கு இதுதான் வழி எண்டு நான் ஒரு பேச்சுக்குச் சொன்னன், அவர் புடிச்சுக்கொண்டார்.

ஃபஸ்னாக்கு விருப்பமோ எண்டா… இதென்ன மிஸ் கேள்வி? எனக்கு விருப்பமா எண்டு யார் கேட்ட? அழுவா. முதல்ல எல்லாரும் அழுறதுதான். விமானத்தில பெல்ட் போட்டு விடுறதோட நிண்டிடும். நீங்க அவட அழுகைய எல்லாம் எழுதிக்கொண்டிருக்காதீங்க.

புள்ளயா? புள்ளக்கி ஒண்டும் இல்ல மிஸ், அதப்பத்தி நீங்க யோசிக்கவே வேணாம். மறந்திடும். லுல்வா எட்டு வயசில, பள்ளிக்கூடம் போற புள்ள, ரெண்டு மாசத்தில மறந்தாள். இது ரெண்டு வயசு. ஒரு மாசம் காணும்.

ஏன் மிஸ் பேனய மூடுறீங்க? நான் பிழையா ஒண்டும் கதைக்கல்லயே. குடிக்க மாட்டன், ஆம்புளத் தொந்தரவு இல்ல, புள்ள பாத்த அனுபவம் எட்டு வருஷம். இதவிட நல்ல ஆள் இந்த ஊரில இருந்தாச் சொல்லுங்க. நான் அவளுக்கு வீடு குடுத்தன். என்ட பதினொரு வருஷத்தக் குடுத்தன். அவள் எனக்கு ஒரு புள்ளயக் கொஞ்சக் காலம் தந்தா என்ன? எனக்கும் ஒண்டு வேணாமா மிஸ்?

ஓட்டோ ஒண்டு திரும்புது. அவங்களாத்தான் இருக்கும். அதுக்கு முந்தி முடிப்பம், அவங்க வந்தா வீடு சத்தமாகிடும். எங்க வைக்கணும், இந்தக் கோட்டிலயா? பேர் நல்லா எழுதுவன், பாருங்க. நிஸ்மியா. இதில என்ன கேட்டிருக்கு, புள்ளக்கி என்ன முறை எண்டா? பெரியும்மா எண்டு போடுங்க. இப்போதைக்கு.

இது எத்தின வருஷத்துக்கு மிஸ்? ரெண்டா? ரெண்டுதானா? அது முடிஞ்சு அவள் அங்கயிருந்தே ஒப்பந்தத்தத் திருப்பிப் போட்டா, அதுக்கு வேற தாளா? அந்தத் தாளும் பையில இருக்கா மிஸ்? இருந்தா எடுங்க, அதிலயும் இப்பவே வச்சிடுறன்.