‘மற்றவை’யில் விழுந்த கை

நீங்கள் நாளைக்குப் போய் மருத்துவமனையின் நோய்ப் பெயர்ப் பட்டியலைக் கவனிக்க உட்காரப் போகிறவர்கள். அதற்கு முன்னால் ஒரு சின்னக் கதை சொல்கிறேன், கேளுங்கள்.

முந்திரி உடைக்கிற ஊர். அங்கே செங்கேணி என்று ஒரு பெண். கையில் சாம்பலைப் பூசிக்கொண்டு கொட்டை உடைப்பாள். சாம்பல் எத்தனை நேரம் காக்கும்? கொட்டையின் தோட்டிலிருந்து கசியும் எண்ணெய் பட்டுப் பட்டு விரல்களெல்லாம் கறுத்து, தோல் உரிந்துவிட்டது. எட்டு முறை ஆஸ்பத்திரிக்குப் போனாள். எட்டு முறையும் சீட்டில் என்ன எழுதினார்கள்? “தோல் நோய் – மற்றவை.”

அந்தச் சீட்டோடு போய் முதலாளியிடம் கையுறை கேட்டாள்.

“மற்றவைன்னுதானே போட்டிருக்கு? என் கொட்டையால வந்ததுன்னு எங்கம்மா இருக்கு?” என்றார் அவர்.

அந்த ஆஸ்பத்திரி நர்ஸ் குணவதிக்கு இதைக் கேட்டுக் கோபம் வந்தது. நோய்ப் பெயர்ப் பட்டியலைக் கவனிக்கும் குழுவுக்கு எழுதினாள். ‘முந்திரிப் புண்’ என்று ஒரு பெயர் சேருங்கள். விளக்கமாக ஒரு வரி: முந்திரி உடைக்கும் பெண்களுக்குக் கையில் வரும் புண்.

குழுத் தலைவர் டாக்டர் ஞானசிகாமணி என்ன செய்தார்? கையில் புண் உள்ள பத்து முந்திரித் தொழிலாளிப் பெண்களை வரவழைத்தார். இரண்டு டாக்டர்களைத் தனித்தனி அறையில் உட்கார வைத்தார். இருவரிடமும் குணவதி எழுதிய அதே வரி. ஒருவர், பத்தும் முந்திரிப் புண் என்றார். மற்றவர்... ஆறுதான் என்றார். மீதி நான்கில் விரலிடுக்கில் சேற்றுப்புண் இருந்தது, கத்தி வெட்டு இருந்தது.

“பெயர் சேராது, சிஸ்டர்.”

“சார், அந்தப் பொம்பளையால சோறு பிசைய முடியல சார்!”

“நிஜந்தான். ஆனா நீங்க அவ வேலையை எழுதியிருக்கீங்க. புண்ணை எங்க எழுதினீங்க?”

குணவதி பத்துக் கைகளையும் மறுபடி பார்த்தாள். மாற்றி எழுதினாள்: தோட்டு எண்ணெய் பட்ட இடத்தில் மட்டும் கறுத்து உரியும் தோல்.

மறுபடி இரண்டு அறை. வேறு இரண்டு டாக்டர்கள். இவர் ஆறு என்றார். அவரும் ஆறு என்றார். அதே ஆறு! செங்கேணி அதில் ஒருத்தி.

பெயர் சேர்ந்தது. ‘முந்திரிப் புண்’ என்று எழுதிய ஒன்பதாவது சீட்டை முதலாளி இரண்டு முறை படித்தார். கையுறை வந்தது.

இப்போது சொல்லுங்கள், அந்த டாக்டர் கல்நெஞ்சரா? முதல் வரியையே அவர் சேர்த்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அந்தக் கத்தி வெட்டைக் காட்டியே முதலாளி செங்கேணியின் கையையும் தள்ளியிருப்பார்.

புதுப் பெயர் கேட்டு உங்களிடம் வருவார்கள். ‘மற்றவை’யில் போட்டுத் திருப்பி அனுப்பாதீர்கள். பாவம் என்று உடனே சேர்த்தும் விடாதீர்கள். ஒருவரையொருவர் பார்க்காத இரண்டு பேர், அந்தப் பெயரை வைத்துக்கொண்டு ஒரே கையைத் தொடுகிறார்களா? அதைக் கேளுங்கள். தொட்டால்... எழுதுங்கள்.