அண்ணை கழற்றிய மேயர் சங்கிலி

லண்டனில் ஹரோ போகும் ரயிலில், எனக்கு எதிரே இருந்த பெண் தன் போனைத் தோழியிடம் நீட்டினாள்.

"எங்கடை அண்ணை மேயரான அண்டைக்கே, பதவியேற்பிலை கழுத்திலை போட்டுவிட்ட மேயர் சங்கிலியைக் கழட்டிப்போட்டார், பார்."

"ஐயோ, ஏனக்கா? கனடாவிலை கோதுமை வயலுக்கு நடுவிலை கடை வைச்சிருக்கிறவர்தானே?"

"ஓம். அந்த ஊருக்கு முதல் போன தமிழன். பனிப்புயலுக்கையும் வீடு வீடாப் பாண் கொண்டுபோய்க் குடுத்த மனுசன். அதாலைதான் சனம் வோட்டுப் போட்டது."

"பிறகேன் கழட்டினவர்?"

"எங்கடை ஆக்களுக்கு மாலை போட்டா உடனே கழட்டுவினமெல்லே? அந்த நினைப்பிலை கழட்டி, போட்டுவிட்ட பழைய மேயரின்ரை கழுத்திலையே போட்டிட்டார். எலெக்சனிலை இவரிட்டைத் தோத்த மனுசன்!"

"கடவுளே! பிறகு?"

"அண்ணை பதவி வேண்டாமெண்டுறாராக்கும் எண்டு சனம் திகைச்சுப்போச்சு. பழைய மேயர் கண்ணைத் துடைச்சு, அண்ணையைக் கட்டிப்பிடிச்சு, திரும்ப அவருக்கே போட்டார். ஒரே கைதட்டு."

"அப்பாடா!"

"எங்கையடி அப்பாடா? அண்ணை திரும்பவும் கழட்ட வெளிக்கிட்டார். அண்ணி மேடைக்கு ஓடிப்போய் ரெண்டு கையையும் பிடிச்சிட்டா."

இறங்கும்போது போனை எட்டிப் பார்த்தேன். விழா முடிந்து எடுத்த படம். எல்லோரும் சிரிக்கிறார்கள். அண்ணி இன்னும் கையை விடவில்லை.